நான் தப்பாக எழுதிய ‘ம்’

போன மாதம் நந்தினி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டக் குறிப்பு அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். இப்போதெல்லாம் கூட்டத்தில் போனை நடுவில் வைத்துவிட்டால் போதுமாம். யார் என்ன பேசினார்கள் என்று அதுவே எழுதி, அதுவே சுருக்கி, நம்பர் போட்டுக் கொடுத்துவிடுமாம். கீழே, “எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டிருந்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எனக்கோ பொறுக்கவில்லை. உடனே போன் போட்டேன்.

“ஏம்மா, ரெண்டு மணி நேரக் கூட்டத்துல ஒருத்தர்கூடவா ‘ம்’ போடல?”

“அதெல்லாம் ஆப்பே எடுத்துடும்க்கா. தேவையில்லாத சத்தம்னு.”

“தேவையில்லாத சத்தமா?”

என் குரல் எந்த அளவுக்கு ஏறியது என்றால், சமையலறையில் இருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். நந்தினிக்கு என்னைத் தெரியும். “அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. சொல்ல வந்தத எழுதிக் குடுங்க, நம்ம அமைப்போட இதழ்ல போடறேன்” என்றாள். இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் பேசியதை எழுதிய எனக்கு, என் கதையை எழுது என்றால் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அந்த ‘ம்’மை நான் சும்மா விடுவதாக இல்லை.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் ஒரு சின்ன அமைப்பு. பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் தெருத் தெருவாகக் கூட்டம் கூட்டுவோம், நடப்பதை எழுதி வைப்போம். மேடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது, மாலை மரியாதை எதுவும் கிடையாது. என்ன பேச வேண்டும் என்பதை வருகிறவர்களே முடிவு செய்வார்கள். வாசலில் வருகை நோட்டில் பெயரும் வீடும் எழுதிவிட்டு, ஆளுக்கு ஒரு அட்டை எடுத்து, பேச விரும்பும் விஷயத்தை ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சுவரில் இருப்பதைத்தான் அன்று பேசுவோம். அட்டை ஒட்டியவரே பேச்சைத் தொடங்கி வைப்பார். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. “ஊர்க்கதை கேக்குறதுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு ஆஃபீஸ்” என்று என் கணவர் ரொம்ப நாள் கிண்டல் செய்துகொண்டிருந்தார். அவர் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை.

நான் சேரும்போது டைப்பிங்கில் ஹையரும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் முடித்திருந்தேன். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. முதல் ஆறு மாதம் என்னை நாற்காலி போடத்தான் விட்டார்கள். பிறகு அட்டை எடுத்துக் கொடுக்கவும் டீ ஊற்றவும் விட்டார்கள். பேனாவைக் கையில் கொடுக்கும்போது முழுதாக ஒரு வருடம் ஓடியிருந்தது.

கொடுத்தவர் பியாட்ரிஸ் மேடம். கிழக்குத் தாம்பரத்துக்காரர். கணக்கு டீச்சராக இருந்து, பாதியில் அந்த வேலையை விட்டுவிட்டு இந்த அமைப்பைத் தொடங்கியவர். காட்டன் புடவை, கழுத்தில் கண்ணாடிக்கு ஒரு கயிறு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார். ஒரு பக்கத்துக் கண்ணாடியை மட்டும் துடைத்தால் பிழைத்தோம். இரண்டையும் துடைத்தால் தொலைந்தோம்.

கூட்டம் நான்கு மணிக்கு என்றால் மேடம் மூன்று மணிக்கே வந்துவிடுவார். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தானே உட்கார்ந்து பார்ப்பார். நாற்பது நாற்காலி என்றால் நாற்பதிலும். கால் விரிசல் விட்டிருக்கிறதா, அங்கிருந்து சுவர் தெரிகிறதா, வெயில் கண்ணில் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருப்பார். “வந்து உக்காரப் போறவங்க நம்மகிட்ட வந்து, எனக்குத் தெரியலன்னு சொல்ல மாட்டாங்க. பேசாம எழுந்து போயிடுவாங்க” என்பார். மைக்குக்கு அனுமதியே கிடையாது. மைக்கைப் பிடித்தால் மனிதர்கள் சொற்பொழிவு ஆற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள், அதை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். டீயை முதலில் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், கடைசியில் கொடுத்தால் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் நட்டநடுவில்தான் டீ.

குறிப்பெடுக்க அவருக்கு இருந்தது ஒரே சட்டம். “அவங்க சொன்னத எழுது. நீ புரிஞ்சிக்கிட்டத எழுதாத.” சார்ட் பேப்பரில், எல்லோர் கண்ணெதிரே, பேசுகிறவர் வாயில் வந்த வார்த்தையிலேயே எழுத வேண்டும். ‘பேஜார்’ என்றால் பேஜார்தான், சிரமம் என்று எழுதக் கூடாது. கடைசியில் ஒவ்வொருவர் வரியையும் அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். ஒரு நாள் மேடம் என் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இந்த அம்மா நாலு தடவ ‘ம்’ போட்டாங்களே, எங்க?”

“அதையும் எழுதணுமா மேடம்?”

“யாராவது ஒண்ணு கேட்டு, அதுக்கு பதிலா ‘ம்’ வந்தா, ‘ம்’னே எழுது. அதுக்கு நீ அர்த்தம் போடாத.”

நான் சரி என்று தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் வரும்போது சிரித்தேன். சுருக்கெழுத்து முடித்தவள் ‘ம்’ எழுதுவதா?

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். அனகாபுத்தூரில் ஆற்றோரமாக ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மழை வலுத்தால் ஆறு அந்தச் சந்தை விசாரிக்காமல் போகாது. அன்று பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் கூடினோம். சுவரில் ஒட்டிய அட்டைகளில் பெரிய எழுத்தில் இருந்தது ஏழுமலையின் அட்டை. ‘தண்ணி வந்தா எங்க போறது?’ ஏழுமலை ஆட்டோ ஓட்டுபவர். நல்ல மனிதர். யாருக்கும் முடியவில்லை என்றால் முதலில் ஓடுகிற ஆள். ஆனால் ஒரு யோசனை வந்துவிட்டால் பிரேக் பிடிக்காது.

“நம்ம சந்துல மாடி கீறது ஒரே வூடு, கோமளாக்கா வூடுதான்” என்று ஆரம்பித்தார். “மாடி சும்மாதான கீது? பொண்ணு நாவலூர்ல பெரிய பிளாட்ல செட்டில் ஆயிடுச்சு. இப்பவே ஒரு சாவி நம்ம கையில வாங்கி வெச்சிகினா, நாலு பாயி, ஒரு மூட்டை அரிசி, மெழுகுவத்தி எல்லாம் மேல ஏத்திடலாம். தண்ணி வந்தா நேரா மேல. இன்னாக்கா சொல்ற?”

எல்லோரும் திரும்பிக் கோமளாவைப் பார்த்தார்கள். ஐம்பது வயது இருக்கும். ஒரு பள்ளியில் சமையல் வேலை. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. வட்டத்தில் கடைசி நாற்காலியில், மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ம்” என்றாள்.

அவ்வளவுதான். கை தட்டினார்கள். நான் சார்ட் பேப்பரில், என் முத்து முத்தான கையெழுத்தில், ‘வெள்ளக் காலத்தில் மாடியைத் தர கோமளா அவர்கள் சம்மதம்’ என்று எழுதினேன். அழகாக அடிக்கோடும் போட்டேன். அன்று நேரமாகிவிட்டதால் கடைசியில் படித்துக் காட்டுவதை வேகமாக முடித்தேன். கோமளாவின் வரியைப் படித்தபோது அவள் முகத்தைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. அடுத்த வரிக்குப் போயிருந்தேன். மேடம் அன்று காய்ச்சலில் வீட்டில் இருந்தார் என்பதை ஒரு சாக்காகச் சொல்லலாம், ஆனால் அது சாக்குதான்.

வழக்கம்போல் குறிப்பின் ஒரு நகலைச் சந்து முனை டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். மூன்றாம் நாள் ஏழுமலை ஒரு டப்பா சிவப்புப் பெயின்டோடு போய், கோமளா வீட்டு வெளிச்சுவரில் மாடிப்படியைக் காட்டி ஓர் ஆள் உயர அம்புக்குறி போட்டார். கீழே ‘வெள்ளம் வந்தால் மேலே’ என்று எழுதினார். ஐந்தாம் நாள் மதியம் கோமளா எங்கள் ஆபீசுக்கு வந்தாள். இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்திருந்தாள். கையில் டீக்கடைச் சுவரிலிருந்து கிழித்த தாள் இருந்தது.

“நான் எப்ப ஒத்துகினேன்?” என்று கேட்டாள்.

நான் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். ரொம்பப் பெருமையாகக் காட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. “நீங்க ‘ம்’னு சொன்னீங்களேக்கா.”

“‘ம்’னா? நீ சொல்றத கேட்டுகினு கீறேன்னு அர்த்தம். கத சொன்னா ‘உம்’ கொட்ட மாட்டோமா? அதுக்குன்னு கதைக்கு ஒத்துகினேன்னு ஆயிடுமா?”

“அப்ப ‘இல்ல’ன்னு சொல்லியிருக்கலாமேக்கா.”

கோமளா உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. “அத்தினி பேரு முன்னாடி இல்லன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?” என்றாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மாடி காலி இல்லை. மகள் ரேவதி நாவலூரிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து ஆறு மாதமாகிறது. அந்தக் கல்யாணத்தில் அடியும் உதையும் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. வந்ததிலிருந்து மாடியை விட்டு இறங்கவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. யார் கேள்விக்கும் பதில் சொல்லத் தெம்பு இல்லை என்கிறாள். அம்மா மட்டும் மேலே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சந்தில் இருப்பவர்களிடம் மகள் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த மாடிக்குச் சந்துக்கே சாவி கேட்கிறார்கள். “நேத்து பாய் தூக்கிகினு ரெண்டு பேரு படியேறி வந்துட்டாங்கம்மா. பாதிப் படியில நின்னு மல்லுக்கட்டி அனுப்பினேன். எம் பொண்ணு உள்ள வாயப் பொத்திகினு உக்காந்துகினு இருந்துச்சு. அந்த அம்பு கீற வரைக்கும் அதுக்கு சோறு எறங்காது.”

(இதை எழுதலாமா என்று ரேவதியிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

மேடம் அடுத்த மேஜையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டையும் துடைத்தார். கோமளா போன பிறகு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “எழுதின கைதான் அடிக்கணும். எழுதின இடத்துலயே அடிக்கணும்.”

நான் அழுதேன். வேலை போய்விடுமோ என்பதற்காக அல்ல. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்துத்தான் அழுதேன். அதற்குக் காரணம் நான் போட்ட அடிக்கோடு.

பத்து நாள் கழித்து அதே சமுதாயக் கூடத்தில் கூட்டம். அமைப்பைச் சேர்ந்தவர்கள் அட்டை ஒட்டுவது வழக்கமில்லை. அன்று நான் ஒட்டினேன். ‘போன கூட்டத்தில் நான் எழுதிய தப்பு.’ என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். “போன தடவ கோமளாக்கா சம்மதம்னு எழுதியிருந்தேன். அக்கா அப்படிச் சொல்லல. ‘ம்’னுதான் சொன்னாங்க. அத நானா சம்மதமாக்கிட்டேன். தப்பு என்னோடது” என்றேன். பழைய சார்ட் பேப்பரை எல்லோர் முன்னாலும் விரித்து, அந்த வரியை அடித்து, மேலே ‘ம்’ என்று எழுதினேன். பிறகு கோமளாவிடம் முறையாகக் கேட்டேன்.

“மாடி வேணும்னு கேக்குறாங்கக்கா. தரீங்களா, இல்லையா?”

“இல்ல” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. நான் ‘இல்ல’ என்று எழுதுவதை, ஒவ்வொரு எழுத்தாக, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழுமலைக்கு முகம் விழுந்துவிட்டது. “இன்னாக்கா நீ? சும்மா பூட்டிக் கீற மாடி. ஏன் தர மாட்ட? ஏன்?”

அந்த ‘ஏன்’ வந்துவிட்டது. கோமளா தலையைக் குனிந்தாள். கூட்டத்தில் எப்போதும் வாயே திறக்காத மேடம், கதவருகே இருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“ஏழுமலை, சுவத்தப் பாருங்க. ‘ஏன்’னு யாராவது அட்டை ஒட்டியிருக்காங்களா?”

ஏழுமலை திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். “இல்ல மேடம்.”

“சுவத்துல இல்லாதத நாம பேசறதில்ல.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “செரி மேடம். அம்ப நானே அழிச்சிடறேன்” என்றார். பிறகு அவரே, வேறு எங்கே போகலாம் என்று பேச்சை மாற்றினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடம் என்று முடிவானது. எங்கள் சட்டங்களை அதுவரை நான் வெறும் சம்பிரதாயமாகத்தான் நினைத்திருந்தேன். அன்று அந்தச் சுவர் ஒரு பெண்ணைக் காப்பாற்றியதைப் பார்த்தேன். மேடத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் அதற்கெல்லாம் இடம் கொடுக்க மாட்டார்.

மறுநாளே ஏழுமலை அம்பின் மேல் சுண்ணாம்பு அடித்தார். சிவப்பு அவ்வளவு சீக்கிரம் போகுமா, இரண்டு கை அடித்தும் லேசாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வருடம் மார்கழி பிறப்பதற்கு முன் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் ஆறு சந்துக்குள் வந்தது. நான் அப்போது பொழிச்சலூரில் என் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அதனால் அங்கே நடந்ததை, வெள்ளம் வடிந்த பிறகு கூடிய கூட்டத்தில் ஏழுமலை சொன்னபடியே, என் நோட்டில் இருக்கிறபடியே தருகிறேன்.

“தண்ணி முட்டி வரைக்கும் வந்துச்சு. எல்லாம் பாலத்தாண்ட போலாம்னு மூட்டைய தூக்கிகினு கெளம்பிட்டோம். கோமளாக்கா கீழ சிலிண்டர கட்டில் மேல ஏத்திகினு இருந்துச்சு. அப்ப மேல ஜன்னல் தொறந்துச்சு. பாத்தா ரேவதி. ‘அந்தப் பக்கம் போவாதீங்க, கால்வா சுவரு இடிஞ்சு தண்ணி அடிச்சிகினு வருது, இங்கேர்ந்து தெரியுது, எல்லாம் மேல வாங்க’ன்னு கத்துச்சு. அதுவே ஓடியாந்து கதவத் தொறந்து வெச்சிகினு நின்னுச்சு. இருபத்தாறு பேரு ஏறினோம். அப்புறம் ஒரு ஆடு. பால் ஊத்துற சரோஜா மட்டும், ‘நீ எப்பம்மா வந்த?’ன்னு கேட்டுச்சு. ‘எட்டு மாசமா இங்கதான் கீறேன்’னுச்சு. ‘அப்டியா, டீ போட சக்கர கீதா?’ன்னு சரோஜா அடுப்பப் பத்த வெச்சிடுச்சு.”

எழுதும்போது எனக்குக் கண் மறைத்தது. கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் யாரும் கவனிக்கவில்லை.

ரேவதியும் அன்று வந்திருந்தாள். ஒல்லியாக, நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு, அம்மாவை ஒட்டி நின்றாள். வாசலில் வருகை நோட்டை நீட்டினேன். பேனாவை வாங்கினாள். “ஏழுமலை அண்ணன் அந்த அம்ப அழிக்கும்போது ஜன்னல் இடுக்குல பாத்துட்டே இருந்தேன்க்கா” என்றாள் மெதுவாக. “எங்கம்மா ஏன்னு சொல்லல. ஆனாலும் ரெண்டு கை அடிச்சு அழிச்சாரு. அன்னிக்கே கீழ எறங்கிடலாமான்னு தோணுச்சு.” பிறகு குனிந்து எழுதினாள். பெயர்: ரேவதி. வீடு: கோமளா வீட்டு மாடி. மாடி என்பதை அழுத்தி எழுதியிருந்தாள். அந்த நோட்டு இன்னும் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது, நந்தினி எடுத்துப் பார்க்கலாம்.

கூட்டம் முடியும் நேரத்தில் ஏழுமலை மெதுவாக எழுந்தார். சுவரில் அவர் அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. இந்த முறை சின்ன எழுத்தில்தான் எழுதியிருந்தார்.

“கோமளாக்கா, நீ வேணான்னா வேணாம். அந்த அம்ப மறுபடி போடட்டா?”

“ம்” என்றாள் கோமளா.

என் மார்க்கர் பேனா அந்தரத்தில் நின்றுவிட்டது. வட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. கதவருகே மேடம் கண்ணாடியில் கை வைத்தார். நான் ‘ம்’ என்று மட்டும் எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் அப்படியே நின்றேன்.

ரேவதிதான் அம்மாவின் தோளை இடித்தாள். “வாயத் தொறந்து சொல்லும்மா. அக்கா எழுதணும் இல்ல?”

கோமளா மகளை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஏழுமலையைப் பார்த்து, “போடுப்பா. நல்லா பெர்சாவே போடு” என்றாள்.

நான் அதை அப்படியே எழுதினேன்.